காளான் வித்துக்கு எந்தத் தானியம்: சோளமா, நெல்லா, கம்பா?

மாடிக்காளான்_திருச்சி:

வணக்கம். மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு வெள்ளைச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். வைக்கோல் வேக வைக்கிறது, படுக்கை கட்டுறது, தண்ணி தெளிக்கிறது எல்லாம் கைக்கு வந்துடுச்சு. சிக்கல் வித்துலதான், அதாவது விதை மாதிரி படுக்கையில் போடுற, காளான் இழை பரவின தானியத்தில். வெளியூரிலிருந்து பஸ் பார்சல்ல வரவழைக்கிறேன். சித்திரை வெயிலில் பை வந்து சேரும்போதே கொதிக்குது. அந்த வித்தைப் போட்ட படுக்கையில் வெள்ளை (வெள்ளையா பரவுற காளான் இழை) பாதியோட நின்னுடுது. அதனால தாய் வித்து மட்டும் வாங்கி, அதிலிருந்து படுக்கையில் போடுற படுக்கை வித்தை வீட்டிலேயே தயாரிக்கலாம்னு இருக்கேன்.

பக்கத்து மண்டியில் வெள்ளைச் சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் கிடைக்குது. ரேஷன் கோதுமை வீட்டில் இருக்கு. ஊரில் சொந்த நெல்லும் இருக்கு. எதை எடுக்கலாம்? ஊற வைக்கணுமா, நேரா வேக வைக்கணுமா? பார்க்கிற வீடியோ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா சொல்லுது. என்கிட்ட இருக்கிறது 12 லிட்டர் குக்கர்.

வித்துக்கூடம்_கோபி:

தம்பி, மண்டியில் வாங்குறதா இருந்தா வெள்ளைச் சோளத்தை வாங்குங்க. எங்க கூடத்தில் வருஷம் முழுக்க ஓடுறது அதுதான். கோவை வேளாண் பல்கலைக்கழகப் பயிற்சியிலும் சோளத்தை வச்சுத்தான் சொல்லித் தர்றாங்க.

காரணம் மணியோட அளவும் தோலும். ஆயிரம் சோள மணி சுமார் 25 முதல் 35 கிராம் இருக்கும். அப்படின்னா ஒரு கிலோவில் 28,000-க்குக் குறையாம மணி. வைக்கோலுக்குள்ள போனா ஒவ்வொரு மணியும் வெள்ளை பரவ ஒரு தொடக்கப் புள்ளி. மக்காச்சோளத்தில் கிலோவுக்கு மூவாயிரம், நாலாயிரம் மணிதான் வரும், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி அதிகம். கேழ்வரகில் கிலோவுக்கு மூணு லட்சத்துக்கு மேல வரும். கணக்குல பார்த்தா கேழ்வரகுதான் ஜெயிக்கணும். ஆனா அவ்வளவு பொடி மணி வெந்ததும் ஒண்ணோட ஒண்ணு அடைஞ்சு, நடுவுல காத்துக்கு வழி இல்லாமப் போயிடும். சோளம் இதுக்கு நடுவாந்திரம். தோலும் கொஞ்சம் கெட்டி, சட்டுனு வெடிக்காது.

கோதுமையிலயும் நல்லா வரும், வடக்கே அதுதான் வழக்கம். தோல் மெல்லிசு, ரெண்டு நிமிஷம் கூட வெந்தாலும் வாய் பிளந்து மாவு வெளிய வந்துடும். கை பழகின பிறகு போடுங்க.

ஒண்ணை அழுத்திச் சொல்றேன். விதைக் கடையில் விக்கிற சோளம் வேண்டவே வேண்டாம். சிவப்பு, ஊதான்னு சாயம் ஏறியிருக்கும். அது விதை நேர்த்தி செஞ்சது, திரம், கார்பன்டசிம் மாதிரி பூஞ்சாணக் கொல்லி மேல இருக்கும். நாம வளர்க்கிறதே பூஞ்சாணம். சாப்பாட்டுச் சோளம், புது அறுவடை, வண்டு துளைக்காததா பார்த்து வாங்குங்க. வண்டு துளைச்ச மணி ஓட்டை வழியா தண்ணியைக் குடிச்சுக் கூழாகி, பக்கத்து மணிகளையும் ஒட்ட வச்சிடும்.

நெல்வயல்_தஞ்சை:

கோபி அண்ணன் சொல்றதை மறுக்கலை. ஆனா சொந்த நெல்லை வீட்டில் வச்சுக்கிட்டு சோளத்துக்குக் காசு கொடுக்கணுமா? எங்க வீட்டில் நெல்லுலதான் வித்து போடுறோம். உமி இருக்கிறதால மணி ஒட்டவே ஒட்டாது. தண்ணி நிமிஷத்தில் வடியும். பையைத் தட்டினா பொலபொலன்னு உதிரும், படுக்கையில் தூவ அவ்வளவு சுலபம்.

நெல்லைத் தண்ணியில் கொட்டி, மிதக்கிற பதரை வாரி எறிஞ்சிடணும். ராத்திரி ஊறட்டும். காலையில் புழுங்கல் அரிசிக்கு அவிக்கிற பதம்தான்: உமி லேசா வாய் விட்டதும் இறக்கிடணும். அரிசி முழுசா வெளிய தெரிஞ்சா பதம் தாண்டியாச்சு.

வித்துக்கூடம்_கோபி:

தஞ்சாவூர்த் தம்பி, படுக்கை வித்துக்கு நெல் தாராளமா ஆகும். தாய் வித்துக்கு நான் எடுக்க மாட்டேன். நெல்லோட எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அதில் காளானுக்குச் சாப்பாடு இல்லை. அந்த அளவுக்குக் கிலோவுக்குச் சத்து குறையுது. இன்னொண்ணு, களத்துத் தூசி உமியோட வரிப்பள்ளத்தில் ஒட்டியிருக்கும், சோளத்தை விட ரெண்டு தண்ணி அதிகமா அலசணும். வெள்ளை பரவுறதும் உமிக்கு மேல தெளிவாத் தெரியாது. பை முழுசா பிடிச்சிருச்சா, நடுவுல ஏதாவது கெட்டிருக்கான்னு கண்டுபிடிக்க அனுபவம் வேணும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு சோளத்தில் அது பளிச்சுனு தெரியும்.

மதுரை_மல்லிகா:

கம்பு பத்தி நான் சொல்றேன். ஆயிரம் மணி 10 கிராம் வாக்கில் வரும், அதனால கிலோவுக்கு லட்சம் மணி. சோளத்தை விட வேகமா படுக்கை வெளுக்கும். ஆனா கம்பை ராத்திரி முழுக்க ஊற வைக்கவே கூடாது. எங்க ஊர் வெக்கைக்கு விடியும்போதே நுரை கட்டி வாடை வந்துடும். நாலஞ்சு மணி நேரம் போதும், அதுக்கப்புறம் கொதி தண்ணியில் கொஞ்ச நேரம் விட்டு வடிச்சிடுங்க. இல்லைன்னா கஞ்சிதான்.

சோளத்தோட கம்பை நாலுக்கு ஒண்ணு கலக்கிறவங்க உண்டு. கலந்தா ரெண்டையும் தனித்தனியா வேக வச்சுக் கடைசியில் கலங்க. ஒண்ணாப் போட்டா சோளம் வேகிறதுக்குள்ள கம்பு குழைஞ்சிடும்.

மாடிக்காளான்_திருச்சி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. சோளமே எடுக்கிறேன். இப்ப பதம் புரியணும். "அரை வேக்காடு"ன்னு எல்லாரும் சொல்றாங்க, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வித்துக்கூடம்_கோபி:

சரியான கேள்வி. தானியம் எதுன்னு சண்டை போடுறதை விட இதுக்குத்தான் நேரம் கொடுக்கணும். எந்தத் தானியமா இருந்தாலும் மணிக்கு உள்ளே ஈரம் வேணும், வெளியே ஈரம் இருக்கக் கூடாது. வித்துப் பை கெடுறதில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் நடக்குது.

முதல்ல முறத்தில் புடைச்சு உடைசல், சொத்தை, கல் எல்லாம் எடுத்துடுங்க. தண்ணி தெளியிற வரைக்கும் அலசுங்க. ராத்திரி ஊறட்டும், ஆனா 12 மணி நேரத்துக்கு மேல வேண்டாம். கோடையில் நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்துங்க. ஊற வைக்கிறதுல ரெண்டு லாபம் இருக்கு. தண்ணி மணிக்குள்ள சமமா இறங்கும், அதனால வெளித்தோல் வெடிக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வெந்துடும். இன்னொண்ணு, தானியத்தில் உறங்கிக்கிட்டு இருக்கிற பாக்டீரியா வித்துகளில் ஒரு பகுதி ஈரம் பட்டு முழிச்சிடும். உறங்குறப்ப கொதிநிலையையே தாங்குற அந்த வித்து, முழிச்சப்புறம் சூட்டுக்கு நிக்காது.

காலையில் புதுத் தண்ணியில் கொதிக்க விடுங்க. கொதி வந்து 15 நிமிஷத்தில் பார்க்க ஆரம்பிங்க. ஒரு மணியை எடுத்து நகத்தால ரெண்டாப் பிளந்து பாருங்க. வேகாத மணியில் நடுவுல வெள்ளையா மாவுப் பொட்டு தெரியும், அதைச் சுத்தி வெந்த பகுதி கண்ணாடி மாதிரி மங்கலா இருக்கும். பொட்டு ஊசிமுனை அளவுக்குச் சுருங்கினதும் அடுப்பை அணைச்சு வடிச்சிடுங்க. மிச்சம் தன் சூட்டிலேயே வெந்துடும், அப்புறம் குக்கர்லயும் வேகப் போகுது. நூறு மணிக்கு நாலஞ்சு வெடிச்சிருந்தா கவலை வேண்டாம். கால்வாசி வெடிச்சிருந்தா அதை மாட்டுக்குப் போட்டுட்டு அடுத்த கிலோவை எடுங்க.

வடிச்ச சோளத்தைச் சுத்தமான துணியில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்க. நிழலில், அப்பப்ப கையால துழாவி விடணும். ஒரு பிடி எடுத்து செய்தித்தாள் மேல கொட்டி ஒரு நிமிஷம் விட்டு அள்ளுங்க. தாளில் ஈரத் திட்டு விழலைன்னா பதம்.

வீட்டில் தராசு இருந்தா இன்னும் நல்லது. காய்ஞ்ச சோளத்தில் ஈரம் 12 சதவீதம்னு வச்சுக்குங்க. கிலோவுக்கு 880 கிராம் உலர் பொருள். வித்துக்கு வேண்டிய ஈரம் 45 முதல் 48 சதவீதம். அப்ப, ஒரு கிலோவா உள்ளே போன சோளம் பரப்பி உலர்த்தினப்புறம் 1.6 கிலோவிலிருந்து 1.7 கிலோவுக்குள்ள நிக்கணும். 1.8-ஐத் தொட்டா இன்னும் உலரட்டும். 1.5 கூட வரலைன்னா வேக்காடு பத்தலை. கண்ணை நம்புறதை விடத் தராசை நம்பலாம்.

புதுக்காளான்:

இடையில் நுழையிறதுக்கு மன்னிக்கணும். சுண்ணாம்பு எதுக்குச் சேர்க்கிறாங்க? கடையில் கேட்டா வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பைத் தர்றாங்க. அதுவே போதுமா?

வேதியியல்_வாத்தியார்:

அது வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. கடுமையான காரம், கரைசலின் கார அமில அளவு 12-ஐ ஒட்டிப் போகும். அதைத் தானியத்தில் கலந்தால் காளான் இழையே தவித்துப் போகும். வித்துக்குச் சேர்ப்பது கால்சியம் கார்பனேட். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் இந்தப் பெயரிலேயே கேட்டு வாங்கலாம். நீரில் கரையாத, சாதுவான பொடி இது. இழை வளரும்போது உண்டாகிற அமிலத்தை அவ்வப்போது சமன்படுத்தும், மணிகள் மேல் மெல்லிய பூச்சாக இருந்து ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். கிலோ சோளத்துக்கு 20 கிராம் போதும். சிலர் ஜிப்சமும் சேர்க்கிறார்கள். அது காரமோ அமிலமோ அல்ல, மணி உதிரியாக இருக்க உதவும்.

ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. தானியத்தில் வித்து வளர்ப்பது அவ்வளவு பழைய முறை அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் ஜேம்ஸ் சிண்டன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1932-இல். அதற்கு முன் சாண எருவில் வளர்த்த வித்தைத்தான் துண்டு துண்டாக உடைத்துப் போட்டார்கள். கையால் தூவக்கூடிய உதிரி வித்து என்ற வசதியே தானியத்தோடு வந்தது. மணி ஒட்டிக் கட்டியானால் அந்த வசதியை நாமே இழக்கிறோம்.

குன்னூர்_அக்கா:

குக்கரைப் பத்தி யாரும் பேசலையே. பதம் எவ்வளவு சரியா இருந்தாலும் இங்க கோட்டை விட்டா போச்சு.

பை பாலிபுரொப்பிலீனா இருக்கணும். கசக்கினா மொறமொறன்னு சத்தம் வரும், பளபளப்பா இருக்கும். மளிகைக் கடையில் தர்ற மெத்துன்னு இருக்கிற பாலித்தீன் குக்கர் சூட்டில் உருகிடும். முக்கால் பைக்கு மேல நிரப்பாதீங்க, குலுக்க இடம் வேணும். வாயில் சின்னதா பிவிசி வளையம் கோத்து, தண்ணி உறிஞ்சாத பஞ்சால் இறுக்கமா அடைங்க. மருந்துக் கடையில் புண்ணுக்குத் தர்ற பஞ்சு ஆவியைக் குடிச்சு நனைஞ்சிடும், நனைஞ்ச பஞ்சு வழியா பூஞ்சாணம் நடந்தே உள்ள போகும். பஞ்சுக்கு மேல தாள் சுத்தி ரப்பர் பேண்டு போடுங்க.

குக்கர் அடியில் தட்டு வச்சு, பை தண்ணியைத் தொடாம அடுக்குங்க. 12 லிட்டருக்கு நாலஞ்சு பைக்கு மேல திணிக்காதீங்க, ஆவி சுத்தி வர இடம் வேணும். மூடினதும் வெயிட்டைப் போட்டுடாதீங்க. ஆவி நேர் கோடா சீறி வர ஆரம்பிச்சு பத்து நிமிஷம் போகட்டும். உள்ளே காத்து மாட்டியிருந்தா அழுத்தம் காட்டும், சூடு ஏறாது. அப்புறம் வெயிட் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு, அங்கிருந்து ரெண்டு மணி நேரம் கணக்கு. விசிலை எண்ணாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க. அவ்வளவு நேரத்துக்குத் தண்ணி பத்தணும், ஆரம்பத்திலேயே தாராளமா விடுங்க. அடுப்பை விட்டு நகராம இருங்க.

சமவெளியில் 15 பவுண்டு அழுத்தத்துக்கு 121 டிகிரி வரும். எங்க குன்னூர் உயரத்தில் வெளிக்காத்தே லேசு, அதே வெயிட்டுக்கு 118 கிட்டத்தான் வரும். அதனால மலையில் இருக்கிறவங்க அரை மணி நேரம் கூட வைங்க.

அணைச்சதும் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீங்க. அழுத்தம் சட்டுனு இறங்கினா பைக்குள்ள இருக்கிற ஈரம் கொதிச்சுப் பொங்கி பஞ்சை நனைச்சிடும், பை வெடிக்கவும் செய்யும். ராத்திரி முழுக்க அப்படியே ஆறட்டும்.

நெல்வயல்_தஞ்சை:

குக்கர் இல்லாதவங்க இட்லிப் பானையில் மூணு நாள் தொடர்ந்து அவிக்கிறாங்களே, அது சரிப்படுமா?

வேதியியல்_வாத்தியார்:

சரிப்படும், நிபந்தனையோடு. ஜான் டிண்டால் 19-ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த முறை அது. முதல் நாள் ஒரு மணி நேர ஆவியில், விழித்திருக்கும் கிருமி சாகும், உறங்கும் பாக்டீரியா வித்து தப்பிக்கும். அடுத்த நாளுக்குள் அது முளைக்கும், இரண்டாம் அவியலில் சாகும். மூன்றாவது அவியல் மிச்சத்துக்கு. இடையில் பைகளை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் வைத்தால் வித்து முளைக்காது, முறையே வீணாகும். முளைக்காமல் நான்காம் நாள் வரை உறங்குகிற வித்துகளும் இருக்கலாம் என்பதால் தாய் வித்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதுக்காளான்:

என்கிட்ட ஒரு பை இருக்கு. பாதி வரைக்கும் வெள்ளை நல்லா வந்தது. கீழ்ப்பகுதியில் மணி வழவழப்பா, பழுப்பா, பையோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பஞ்சுகிட்ட மோந்தா புளிச்ச வாடை. வெள்ளை அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. மேல் பாதியை எடுத்துப் படுக்கைக்குப் போடலாமா?

வித்துக்கூடம்_கோபி:

போடாதீங்க. அது பாக்டீரியா, பெரும்பாலும் பேசில்லஸ் வகை. மேல் பாதி மணியிலும் அது இருக்கும், வைக்கோலுக்குள்ள போய் வேலையைக் காட்டும். பைக்கு அடியில் தண்ணி தேங்கியிருக்கு, அதான் கீழே மட்டும் கெட்டிருக்கு. அடுத்த தடவை வடிச்சதும் கூடுதலா ஒரு மணி நேரம் உலர விடுங்க. குக்கர்லிருந்து எடுத்த பையை ஆறினப்புறம் ஒரு தடவை குலுக்கினா அடியில் சேர்ந்த ஈரம் எல்லா மணிக்கும் பரவிடும்.

நிறத்தை வச்சும் சொல்லிடுறேன். பச்சை வந்தா டிரைகோடெர்மாங்கிற பூஞ்சாணம். அதுவும் பஞ்சு ஓரமா ஆரம்பிச்சா அடைப்பு நனைஞ்சிருக்கு, தாய் வித்து விழுந்த இடத்தில் ஆரம்பிச்சா அதைப் புதுப் பைக்கு மாத்தும்போது காத்துல வந்திருக்கு அல்லது தாய் வித்தே கெட்டது. எல்லாப் பையிலும் நடுவுல அங்கங்க திட்டா வந்தா குக்கர் வேலை முடியலைன்னு அர்த்தம். ஆரஞ்சு நிறத்தில் பஞ்சு மேல பொடி பூத்தா அது நியூரோஸ்போரா. மற்றதை விட இதுக்குத்தான் நான் பயப்படுவேன். ராத்திரியோட ராத்திரியா கூடம் முழுக்கப் பரவிடும். மூச்சு விடாம ஈரத் துணியைப் போர்த்தித் தூக்கி வெளிய கொண்டு போங்க.

கெட்ட பையை எதுவா இருந்தாலும் வீட்டுக்குள்ள பிரிக்காதீங்க. மூடினபடியே குக்கர்ல ஒரு மணி நேரம் வச்சுட்டுக் குழியில் போடுங்க. தானியம்தானேன்னு கோழிக்கோ மாட்டுக்கோ போட்டுடக் கூடாது. மஞ்சள் கலந்த பச்சையில் வர்ற ஆஸ்பெர்ஜில்லஸ் நஞ்சு உண்டாக்கும், வேக வச்சாலும் அந்த நஞ்சு போகாது.

மதுரை_மல்லிகா:

தாய் வித்தை மாத்தும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தரையை ஈரத் துணியால் துடைச்சு அரை மணி நேரம் கழிச்சு உட்காருங்க. கையை ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா முழுசா காய்ஞ்ச பிறகுதான் விளக்கை ஏத்தணும். விளக்கு எரியும்போது ஸ்பிரிட் பாட்டிலை அடிக்காதீங்க, தீ கையில பிடிச்சிடும். கூடம் மாதிரி வடிகட்டின காத்துப் பெட்டி வீட்டில் இருக்காது, அதனால காத்து அசையாம இருக்கிறதுதான் நமக்குப் பாதுகாப்பு.

மாடிக்காளான்_திருச்சி:

எல்லாம் குறிச்சுக்கிட்டேன். கடைசியா மூணு சந்தேகம். பை முழுசா வெளுத்ததும் எத்தனை நாளுக்குள்ள போடணும்? வெளுத்த என் பையிலிருந்தே அடுத்த தொகுதிக்குத் தாய் வித்தா எடுத்துக்கலாமா? பால் காளானுக்கும் இதே முறைதானா?

வித்துக்கூடம்_கோபி:

சிப்பிக்கு 15 முதல் 18 நாள் ஆன வித்து நல்ல வீரியத்தில் இருக்கும், அப்பவே போட்டுடுங்க. நடுவுல பாதி வெளுத்ததும் ஒரு தடவை குலுக்கி விட்டா சீக்கிரம் பிடிக்கும். போட நாளாகும்னா வெள்ளைச் சிப்பியைக் குளிர்பெட்டியில் கீழ்த்தட்டில் கொஞ்ச நாள் வைக்கலாம். நெல் வைக்கோல் காளான் வித்தை மட்டும் குளிர்பெட்டியில் வச்சிடாதீங்க, குளிரில் இழை செத்துடும்.

பால் காளானுக்கும் சோளம்தான், பதமும் இதேதான். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1998-இல் வெளிவந்த ஏபிகே 2 தான் நம்ம பக்கம் பரவலா ஓடுற ரகம். 30, 35 டிகிரியில் சந்தோஷமா வளரும், உங்க திருச்சி வெயிலுக்கு அது தோதானது. வித்துப் பை வெளுக்கச் சிப்பியை விடக் கூடுதல் நாள் ஆகும், பொறுங்க. படுக்கையில் வெள்ளை பரவினதும் மேல் மண் போடணும், அதுக்குத் தனிப் பதிவு ஆரம்பிங்க, எழுதுறேன்.

படுக்கை வித்திலிருந்து திரும்பத் திரும்ப வித்து எடுக்கிறதை மட்டும் தவிர்த்துடுங்க. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கொஞ்சம் இருந்தாலும் தலைமுறைக்குத் தலைமுறை பெருகும், இழையோட வீரியமும் குறையும். ஒரு தாய் வித்துப் பையிலிருந்து 30 படுக்கை வித்துப் பை வரைக்கும் போடலாம், வீட்டு அளவுக்கு அதுவே தாராளம். அது தீர்ந்ததும் புதுத் தாய் வித்து வாங்கிடுங்க. ராத்திரி வண்டியில், தெர்மோகோல் பெட்டியில் வச்சு அனுப்பச் சொல்லிக் கேளுங்க, அனுப்புவாங்க.